நாற்காலி உயரத்தில் ஓர் இடைவெளி

கேபிள்காரர் காலிங்பெல்லை அழுத்திவிட்டு, கதவைத் திறந்த ராஜகோபாலனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓனர் சார் இல்லீங்களா?"

"நான்தான் ஓனர்."

"இல்ல சார், துளசிங்கம் சார்."

மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கி முழுசாக ஒரு பொழுதுகூட ஆகவில்லை. பெட்டியின் கைப்பிடியில் விமானக் கம்பெனியின் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. "அவரு என் சகலை. இது என் வீடு" என்றார் ராஜகோபாலன். கேபிள்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மரியாதை இருந்தது, நம்பிக்கை இல்லை. "பரவால்ல சார், நான் அவருக்கே போன் அடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வயிற்றெரிச்சல் என்று சொல்வார்களே, அது நிஜமாகவே வயிற்றில்தான் தொடங்குகிறது என்பது ராஜகோபாலனுக்கு அன்று காலை தெரிந்தது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு வாடகைப் போர்ஷனில் பிறந்து வளர்ந்தவர் அவர். வீட்டுக்காரர் அந்தோணிசாமி நல்ல மனிதர்தான். ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பார். அதனால் அந்த வீட்டில் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். காற்றடித்தால் அதில் இருக்கும் முருகன் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பிவிடுவார். ராஜகோபாலனின் அம்மா எழுந்துபோய் முருகனைத் திருப்பி வைப்பாள். சொந்த வீடு என்றால் அவருக்கு மாடியும் இல்லை, மார்பிளும் இல்லை. தன் இஷ்டத்துக்கு ஓர் ஆணி. அவ்வளவுதான்.

டிப்ளமா முடித்து, கிண்டியில் ஒரு கம்பெனி ஸ்டோரில் கொஞ்ச காலம் கிடந்து, ரோஹிணியைக் கல்யாணம் செய்து, சின்மயி நடை பழகும்போது மஸ்கட் போனார். உறைய வைத்த மீன் இறக்குமதி செய்யும் கம்பெனியில் கிடங்குப் பொறுப்பு. வெளியே கொளுத்தும் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற உத்தியோகம். வருடத்துக்கு ஒரு மாத லீவு. அந்த ஒரு மாதமும் விருந்தாளி மாதிரித்தான் போகும். கேட்காமலே அப்பளம் பொரிப்பார்கள்.

ரோஹிணியின் அக்கா திரிபுரசுந்தரியின் கணவர் துளசிங்கம். ரயில்வேயில் எலக்ட்ரிகல் பிரிவு. பீர்க்கன்கரணையில் பக்கத்துத் தெருவிலேயே வீடு. ஏரிக்கு இந்தப் பக்கம் ராஜகோபாலன் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கியபோது, செங்கல்லிலிருந்து சிங்க் வரை நின்று பார்த்தவர் அவர்தான். வேறு யார் பார்ப்பது? "இந்த டைல்ஸா, அந்த டைல்ஸா சகலை?" என்று கடையிலிருந்து வீடியோ காலில் காட்டுவார். மஸ்கட்டில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். அது தெளிவதற்குள் கடைக்காரர் பில் போட ஆரம்பித்திருப்பார். "எது நல்லா இருக்கோ அதையே போடுங்கண்ணா" என்று சொல்லிச் சொல்லி, வீடு முழுக்கத் துளசிங்கத்துக்கு நல்லதாகப் பட்டதாகவே ஆகிவிட்டது.

வீடு முடிந்தபின் அவர் வருவது இதுவே முதல் தடவை. வந்த அன்று இரவு குளியலறைக்கு ஸ்விட்ச் எது என்று தெரியாமல் ராஜகோபாலன் ஹாலில் நின்று ஒவ்வொன்றாகத் தட்டினார். வாசல் விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. எங்கோ மோட்டார் ஓடத் தொடங்கியது.

"அப்பா, இடமிருந்து இல்ல, வலமிருந்து எண்ணணும்" என்றாள் சின்மயி, காட்டாங்குளத்தூரில் இரண்டாம் வருடம் படிக்கிறவள். "பெரியப்பா லாஜிக்."

"பெரியப்பா லாஜிக்கா?"

"ஆமாம்ப்பா. ஒரு தடவ பழகிட்டா ரொம்ப ஈஸி."

அவர் பழகத் தயாராக இல்லை. துண்டை எடுத்துக்கொண்டு போய் இருட்டிலேயே குளித்தார்.

ஒன்றே ஒன்றை மட்டும் அவர் தனக்கென்று வைத்திருந்தார். வேலி. இடுப்பளவு காம்பவுண்டுச் சுவர் எழுப்பியதோடு, "மேல போடறத நான் வந்து பாத்துக்கறேன், யாரும் தொடாதீங்க" என்று சொல்லியிருந்தார். அதுவரைக்கும் ரோஹிணி சுவர்மேல் பச்சை வலையைக் கட்டிவைத்திருந்தாள். துளசிங்கத்தின் வீட்டில் போன வருடம் அலுமினிய வேலி போட்டிருந்தார்கள். கரிச்சாம்பல் நிறம், படுக்கைவாட்டில் பட்டைகள். அந்தத் தெருவில் திரும்புகிற ஆட்டோக்காரர்கூட ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போவார் என்று திரிபுரசுந்தரி போனில் சொல்லியிருந்தாள். ராஜகோபாலன் கிடங்கின் குளிரில் நின்றபடி அதைக் கேட்டார். அப்போதே முடிவு செய்துவிட்டார்: நம்முடையது அதைவிட உயரமாக இருக்க வேண்டும்.

முடிச்சூர் ரோட்டில் இருந்தது கரீம் பாயின் கடை. உள்ளே போனதும் அலுமினியத் தூளின் வாசனை. சுவர் முழுக்க மாதிரித் துண்டுகள்.

"உக்காருங்க சார். டீ சொல்லட்டா?" என்றார் கரீம். "இது நேர் கம்பி. இது பட்டை. இது சாய்ச்சு வச்ச பட்டை, லூவர்னு சொல்லுவோம், வெளியிலேர்ந்து ஒண்ணும் தெரியாது. இது இலை டிசைன், தகட்ட வெட்டிச் செய்யறது. புதுசா வூடு கட்றவங்க இப்ப இதத்தான் கேக்கறாங்க."

"மரம் மாதிரி இருக்கே இது."

"அலுமினியந்தான் சார், மேல கலர் மட்டும் மரம். ஏரிக்கரைல நிஜ மரம் வச்சா கறையானுக்குப் பொங்கல் வச்ச மாதிரி. இரும்பு வச்சா வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்க ஆள் தேடணும். இதுக்கு ஒரு ஈரத்துணி போதும்."

ராஜகோபாலன் ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்தார். டங் என்றது ஒன்று, டிக் என்றது ஒன்று. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு சொந்தக் கையால் ஒன்றைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கிற சந்தோஷம் அவருக்கு. இலை டிசைனை ஒரு நிமிடம், மர நிறத்தை ஒரு நிமிடம் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். வீடியோ கால்களில் கேட்டது.

"என்ன சகலை, ஒரு வார்த்த சொல்லல?" ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார் துளசிங்கம். "ரோஹிணி அவங்க அக்காகிட்ட சொல்லி, அவ எங்கிட்ட சொல்லி…"

"உங்களுக்கு எதுக்குண்ணா சிரமம்னு…"

"என்ன பெரிய சிரமம்? பர்மிஷன் போட்டுட்டு வந்திருக்கேன். பாய், எப்படி இருக்கீங்க? பொண்ணு மெஹ்ரீனுக்கு ரிசல்ட் வந்துச்சா?"

"வந்திருச்சுண்ணே. உங்க ஆசீர்வாதம்" என்று எழுந்தே நின்றுவிட்டார் கரீம். தனக்கு வராத டீ இப்போது வந்தது என்பதையும் ராஜகோபாலன் கவனித்தார்.

துளசிங்கம் மாதிரிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பட்டை ஒன்றைக் கையில் எடுத்து, "எதப் போட்டாலும் நடுவுல ரெண்டு விரல் இடம் விடச் சொல்லுங்க சகலை" என்றார்.

"வேண்டாம்." வாய் முந்திக்கொண்டது. "முழுக்க அடைச்சுத்தான் போடறேன். லூவர். ஆள் உயரத்துக்கு."

"அடைச்சா? காத்து?"

"காத்துக்கு மாடி இருக்கு. பிரைவசி வேணும்ணா. அங்கல்லாம் ஒவ்வொரு வில்லாவுக்கும் சுவரு தலைக்கு மேல இருக்கும்."

"அங்க மணல் அடிக்கும், சரி. இங்க என்ன அடிக்குது, கொசுதானே? அது எட்டடின்னாலும் தாண்டி வரும்." துளசிங்கம் சிரித்தார். கரீமும் சிரித்தார். பிறகு கரீம், கையில் டேப்பை வைத்துக்கொண்டு, துளசிங்கத்தைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப இன்னாண்ணே, அடைச்சே போட்டுடலாமா?"

"வீட்டுக்காரன் நான் இங்க உக்காந்திருக்கேன் பாய்!"

கடைக்குப் பின்னால் தகடு அறுத்துக்கொண்டிருந்த இயந்திரமும் அதே நேரம் பார்த்து நின்றது. துளசிங்கம் ஹெல்மெட்டின் பட்டியைச் சரிசெய்தார். "அதானே. அவர் சொல்ற மாதிரியே போடுங்க பாய். அவரு வீடு" என்றார், ஒரு கோபமும் இல்லாமல். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜெயித்த மாதிரியாவது இருந்திருக்கும். இந்த மனிதர் விட்டுக்கொடுத்துக்கூடத் தன்னைச் சின்னவனாக்குகிறாரே என்று ராஜகோபாலனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாவற்றையும் செய்வதற்கு முன் வேலியின் ஒரே ஒரு பலகத்தை மட்டும் மாட்டிப் பார்ப்பது கரீமின் வழக்கம். "கடைல பாக்கறது வேற, வூட்ல பாக்கறது வேற சார். மாட்டிட்டுப் போறேன். ரெண்டு நாள் வச்சுப் பாருங்க. புடிச்சா மீதிய அடிக்கறேன்." வாசலில் ரோஹிணி உட்காரும் சிட்-அவுட்டுக்கு நேராகப் பச்சை வலையை அவிழ்த்துவிட்டு அந்தப் பலகத்தை நிறுத்தினார்கள். காபிக்கொட்டை நிறம். சாய்ந்த பட்டைகள். ஆள் உயரம். தெருவிலிருந்து பார்த்தால் வீடே கோட்டு போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

ராஜகோபாலன் எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தார். பக்கவாட்டில் நின்று பார்த்தார். துளசிங்கத்தின் வீட்டு வேலி இதன் தோளுக்குத்தான் வரும். சின்மயியைக் கூப்பிட்டு போட்டோ எடுக்கச் சொன்னார். "சூப்பர்ப்பா. ஆபீஸ் மாதிரி இருக்கு" என்றாள் அவள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் ரோஹிணி வழக்கம்போல ஒரு முறத்தில் முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு சிட்-அவுட்டுக்கு வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் கீரை ஆய்ந்தாள். நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்தாள். பிறகு அந்தப் பக்கம். தெருவில் பூக்காரம்மாவின் குரல் வந்தது, நிற்காமல் போய்விட்டது. ரோஹிணி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏன், புடிக்கலியா?" என்றார் ராஜகோபாலன்.

"நல்லாத்தான் இருக்கு."

"பின்ன ஏன் உள்ள வந்துட்ட?"

"வெளிய உக்காந்தாலும் உள்ள உக்காந்த மாதிரிதான இருக்கு."

"தெருவுல போறவன் வர்றவன்லாம் உள்ள பாக்கணுமா, என்ன?"

கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, டிவியைப் பார்த்தபடி, பக்கத்து வீட்டுச் சங்கதியைச் சொல்வதுபோல அவள் சொன்னாள்: "போன மழைக்கு எனக்குக் காய்ச்சல் வந்துச்சு. சின்மயி ஹாஸ்டல்ல இருந்தா, பரீட்சை. எந்திரிக்க முடியாம படுத்துட்டேன். போன் எங்கயோ கெடந்துச்சு, உங்ககிட்ட அப்புறம் மழைல டவர் இல்லன்னு சொல்லிட்டேன். சாயங்காலம் பூக்காரம்மா வந்து பாத்திருக்கு, நாற்காலி காலியா இருக்கு. அடுத்த நாளும் காலி. அதுதான் அக்கா வீட்டுக்குப் போய் சொல்லிச்சு. மாமா வந்து கதவத் தட்டி, ஆஸ்பத்திரிக்கு அழைச்சுட்டுப் போனாரு."

ராஜகோபாலன் டிவிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா என்னங்க பண்ணுவீங்க? அங்க உக்காந்து தூங்காம இருப்பீங்க. நீங்கதான் ஒரு மிஸ்டு கால் வந்தாலே நூறு தடவ கூப்பிடற ஆளாச்சே."

"ரெண்டு விரல் இடம் விடச் சொல்லி உங்க மாமா சொன்னது…"

"அதுக்காகத்தான் இருக்கும்" என்றாள் அவள், ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவள்போல.

கரீமின் கடையில் காரணத்தைச் சொல்லியிருக்கலாம் துளசிங்கம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரோஹிணியின் காய்ச்சல் வெளிவந்திருக்கும். காற்று என்று மழுப்பிவிட்டார். ராஜகோபாலனுக்கு நன்றி வரவேண்டிய இடத்தில் எரிச்சல்தான் வந்தது. தன் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது அந்த மனிதருக்குத் தெரியும். அதைத் தன்னிடமிருந்து மறைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். தனக்குத் தெரிந்தது லூவர் என்ற வார்த்தை. இனிமேல் இடைவெளி விடச் சொன்னால் துளசிங்கம் சொன்னதைக் கேட்டதாக ஆகும். ஸ்விட்ச், டைல்ஸ், சிங்க் வரிசையில் வேலியும் சேரும். விடாமல் அடைத்துவிட்டால், தான் போனபிறகு பதினோரு மாதம் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டில் எதைச் செய்தாலும் அது துளசிங்கத்துக்குச் சாதகமாகவே முடிகிறதே!

மறுநாள் காலை காபிகூடக் குடிக்காமல் நாற்காலியைக் கொண்டுபோய் சிட்-அவுட்டில் போட்டார்.

"ரோஹி, இங்க வந்து உக்காரு."

"அடுப்புல பால் இருக்குங்க."

"சின்மயி பாத்துப்பா. உக்காரு. நிமிர்ந்து உக்காராத, எப்பவும் உக்கார்ற மாதிரி உக்காரு."

"எப்பவும் எப்படி உக்காருவேன்?"

"கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சு. காலை ஒண்ணு மடக்கி மேல வச்சு."

அவள் வியப்போடு அவரைப் பார்த்தாள். பிறகு அதேபோல் உட்கார்ந்தாள். அவர் அவள் கண்ணுக்கு நேராக ஒரு குச்சியைப் பிடித்து, பலகத்தின் உள்பக்கம் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பிறகு தெருவில் போய் நின்று, "நான் பூக்காரம்மான்னு வச்சுக்கோ" என்றார்.

"மல்லி முழம் என்ன வில?" என்றாள் உள்ளிருந்து.

"பேசாம இரு, அளவு மாறுது."

அவர் குதிகாலை உயர்த்தினார், பூக்காரம்மாவின் உயரத்துக்குக் கொஞ்சம் குனிந்தார், மறுபடி உள்ளே ஓடி வந்து இன்னொரு கோடு போட்டார். எதிர் வீட்டு டீச்சர் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவே இல்லை.

அந்த இரண்டு கோடுகளின் உயரத்தையும் ஒரு காகிதத்தில் வரைந்துகொண்டு, கரீமின் கடைக்கு இந்தத் தடவை ரோஹிணியிடம்கூடச் சொல்லாமல் போனார்.

"கீழ அடைச்சுடுங்க பாய். மேலயும் அடைச்சுடுங்க. நடுவுல இந்தக் கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் இடைல மட்டும் பட்டைய எட்ட எட்ட வைங்க. முகம் தெரியணும். வீடு தெரியக் கூடாது."

கரீம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மாதிரி யாரும் கேட்டதில்லயே சார். யாரு சொன்னது, துளசிங்கம் அண்ணனா?"

"அவருக்கு இது தோணியே இருக்காது" என்றார் ராஜகோபாலன். சொல்லும்போது நாக்கில் சர்க்கரை வைத்த மாதிரி இருந்தது. "அவருக்கு போன் போடாதீங்க. முடிஞ்சப்புறம் பாக்கட்டும்."

லீவு முடிவதற்குள் வேலி முழுதும் ஏறிவிட்டது. துளசிங்கம் வந்தார். வண்டியை விட்டு இறங்காமல் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அந்த இடைவெளிக்குப் பின்னால் ரோஹிணியின் முகம், நெற்றிப்பொட்டிலிருந்து மோவாய் வரை, அளவெடுத்த மாதிரி தெரிந்தது.

"என்ன ரோஹிணி, ரேஷன் கடை ஜன்னல்ல உக்காந்த மாதிரி இருக்க" என்றார்.

"சர்க்கரை ஸ்டாக் இல்ல மாமா, நாளைக்கு வாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிட்-அவுட் படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ராஜகோபாலன், கீழே அடைத்த பகுதிக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல் இருந்தார். தான் உட்காரும் இடத்துக்கு அவர் அளவே எடுக்கவில்லை.

"நல்ல ஐடியா" என்றது துளசிங்கத்தின் குரல். "ரெண்டு விரல்னு நான் பொதுவாத்தான் சொன்னேன். இப்படி யோசிக்கல. தெருவுல எல்லாரும் எங்கிட்ட வந்து நல்லா செலக்ட் பண்ணியிருக்கீங்க சார்ங்கறாங்க. நான் இல்ல, என் சகலைன்னு சொல்றேன். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

வண்டி கிளம்பிப் போயிற்று. 'இப்படி யோசிக்கல' என்ற வாக்கியத்தை ராஜகோபாலன் இரண்டு மூன்று தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். இனித்தது. ஆனால் அதன் வாலில் 'யாரும் நம்ப மாட்டேங்கறாங்க' தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற முடியவில்லை. பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார். ஓர் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, கேட்டைத் திறந்து தெருவுக்கு வந்தார். தூசே படாத புது வேலியை வெளிப்பக்கமாகத் துடைக்க ஆரம்பித்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கட்டும்.

தண்ணீர் கேன் போடுகிறவர் மூன்று சக்கர வண்டியை நிறுத்தினார். இந்தத் தெருவுக்குப் புதிது.

"இன்னாண்ணே, இந்த வேலி நீதான் போட்டியா?"

ராஜகோபாலன் துணியைப் பிழிந்தார். தான் யார், இது யார் வீடு, மஸ்கட், மனை, எல்லாம் தொண்டை வரை வந்தது.

"ஆமா" என்றார். "நான்தான்."

"சோக்கா கீது. நம்ம அக்கா வூட்டுக்கு ஒண்ணு போடணும்னு சொல்லிகினே கீது, தனியாத்தான் கீது பாவம். எந்த மாதிரி போட்டா நல்லா இருக்கும்?"

தெருமுனையில் துளசிங்கத்தின் பைக் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. எதையோ மறந்துவிட்டு வருகிறார் போலிருக்கிறது. இன்னும் சில விநாடிகளில் இங்கே வந்து நின்று, இந்த ஆளுக்கும் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார். ராஜகோபாலன் அவசரமாகத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கேன்காரரின் முழங்கையைப் பிடித்து வேலிக்குப் பக்கத்தில் இழுத்தார்.

"மொதல்ல அத விடு" என்றார் வேகவேகமாக. "சாயங்காலத்துல உங்க அக்கா எங்க உக்காருவாங்க, அதச் சொல்லு."